எம்.எல்.ஏ. எடுத்துக் கொடுத்த தாலி

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய மச்சான் ராமன் அவர்களுக்கு,

நரசிம்மன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் தங்கை மீனம்மாள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அந்த வலியைச் சாக்கிட்டு அரக்கோணத்திலேயே தங்கிவிட்ட நீங்கள் கொடுத்து வைத்தவர்.

எம்.எல்.ஏ. கையால் தாலி எடுத்துக் கொடுத்தால் நம் பெண் பிரவீனாவுக்குக் கௌரவம் என்று யோசனை சொன்னது நீங்கள். வக்கீல் பகலவன் எம்.எல்.ஏ.வாக ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் இருபது வருஷம் லாரி மோதிய கேஸ், நிலம் எடுத்த கேஸ், தொழிலாளர் கேஸ் என்று ஏழைகளுக்காக அலைந்தவர். ஆனால் கறுப்புக் கோட்டைக் கழற்றினாரே தவிர, வக்கீல் புத்தியைக் கழற்றவில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில், "சம்பவம் எத்தினி மணிக்கு? கூட யார் இருந்தது?" என்று விசாரிக்கிறார். பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் கல்வெட்டை முழுசாகப் படித்துப் பிழை திருத்திய பிறகுதான் ரிப்பன் வெட்டினாராம்.

நம் கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்தவர், எதிரே மைக் இருப்பதை மறந்து மாப்பிள்ளையையே உற்றுப் பார்த்தார். "தம்பி, நீ மனுதாரர் நாப்பத்தி மூணு இல்ல? கான்ட்ராக்ட் ஆளுங்கள பெர்மனென்ட் பண்ணச் சொல்லிப் போட்ட கேஸு. போன வாய்தாவுக்கு இன்னாத்துக்கு வரல?"

மாப்பிள்ளை ஹேமந்த், "நைட் ஷிப்ட் சார்" என்றான். பிரவீனா வேலை பார்க்கும் அதே ஓரகடம் கம்பெனியில் பையன் பெர்மனென்ட் என்று நீங்களும் சம்பந்தி பாபுவும் அடித்துச் சொன்னீர்களே, எனக்கு ரத்தம் கொதிக்காதா? "பொய் சொன்ன வூட்ல பொண்ணு குடுக்க மாட்டேன், மேளத்த நிறுத்துங்க" என்று மேடை ஏறினேன். பிரவீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. எம்.எல்.ஏ. மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதில் ஏதோ கேட்டார். நான் இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து கையில் அட்சதையை எடுத்துக்கொண்டேன். தாலி ஏறியது.

அடுத்த தேர்தலில் அவருக்கு என் ஓட்டு கிடையாது. பாபு வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். வரன் கொண்டுவந்த உங்களிடமிருந்து எழுத்து மூலம் விளக்கம் எதிர்பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
நரசிம்மன்

பி.கு.: மீனம்மாள் இதைப் படித்துவிட்டு மூன்று நாளில் முதல்முறையாக வாய் திறந்தாள். "அவரு காதுல கேட்டதையும் எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். "பொண்ணு பெர்மனென்ட்னு பாபு வூட்டாண்ட சொன்னது யாரு? அவ மனுதாரர் நாப்பத்தி ஏழு. மைக்ல கேக்கட்டுமா?" ஆகவே விளக்கம் ஏதும் வேண்டாம். நாளைக்கு பாபு வீட்டில் விருந்து, போகிறோம். அடுத்த வாய்தாவுக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடு என்று மீனம்மாளிடம் நான்தான் சொன்னேன்.