நேரலையில் என் மூக்கு

புகழ் என்பது காலந்தோறும் ஓர் உறுப்பின்மீது மையல் கொள்கிறது. என் இளமையில் அது நாவை விரும்பியது. மேடையில் மணிக்கணக்கில் முழங்கியவர்கள் பெயர் பெற்றார்கள். பின்னர் முகத்தை விரும்பியது. திரையில் தோன்றியவர்கள் தெய்வமானார்கள். தொலைக்காட்சி வந்தபின் கண்ணீர் வடிக்கும் கண்களை விரும்பியது. பாட்டுப் போட்டியில் தோற்று அழுத பிள்ளைக்கு ஊரே பதாகை வைத்தது. இப்போது கைகளை விரும்புகிறது. வயல்வரப்பில் அமர்ந்து மீன் கழுவினாலும் உலகம் கண்கொட்டாமல் பார்க்கிறது.

பட்டிமண்டப நடுவனாகிய நான் நாவின் காலத்தவன். (அக்காலம் முடிந்துவிட்டதை எனக்கு எவரும் முறைப்படி அறிவிக்கவில்லை.) மனைவி மறைந்தபின் புதுக்கோட்டையில் தனியே வாழ்கிறேன். சிங்கப்பூரிலுள்ள மகள் கயல் தொலைபேசியில், "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா?" என்பாள். ஆம் என்றதும் அழைப்பு முடிந்துவிடும்.

ஆகவே, பள்ளியில் என்னிடம் தமிழ் படித்த சுப்பையா தம் பாத்திரக்கடைத் திறப்புக்கு அழைத்தபோது அகமகிழ்ந்தேன்.

"நீங்க வந்து பேசணும்ங்க ஐயா. லைவ்ல போடுறோம். சிங்கப்பூர்ல அக்காவும் பாக்கலாம்."

கயலுக்குச் செய்தி அனுப்பினேன். 'பாக்குறேன்ப்பா' என்று மறுமொழி வந்தது. அந்த ஒற்றைச் சொல்லைப் பலமுறை படித்தேன். சுவரை அவையாக்கி உரையை ஒத்திகை பார்த்தேன். சுவர் மறுக்கவில்லை.

கடையை அடைந்தால், கீழராஜ வீதியே நிரம்பி வழிந்தது. திறப்பவர் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பஞ்சவர்ணம். சமையல் காணொளிகளால் புகழ் பெற்றவர். சுப்பையா வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"அந்தம்மா வேற கடைக்கும் போகணுமாம். ஒங்க பேச்ச இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோங்க. இந்தப் போன மட்டும் செத்தப் புடிங்க, மால போட்டுட்டு வாரேன். எதையும் அமுக்கிறாதீங்க!"

அமுக்கிவிட்டேன்.

திரையில் பஞ்சவர்ணம் மறைந்து, முதியவர் ஒருவரின் இரு மூக்குத்துளைகள் தோன்றின. என்னை எந்த உலகம் பார்க்கப்போகிறது? நேரலை நின்றுவிட்டது என்றே முடிவுகட்டினேன். இட்லிக் கொப்பரைகளுக்கிடையே ஒதுங்கி, பேசக் கிடைக்காத உரையை மெல்ல முணுமுணுத்தேன். உரை முடிந்ததும் மகளிடம் பேசுவதுபோல் தொடர்ந்தேன்.

"கயல், நீ காத்திருப்பாய். அப்பாவைப் பேசவிடவில்லையம்மா. வீட்டிலும் கேட்க ஆளில்லை. நேற்றுப் பால்காரருக்கு ஒரு செய்யுளின் பொருளைச் சொன்னேன். பாதியிலேயே வண்டியைக் கிளப்பிவிட்டார்."

கூட்டத்தில் ஒரு பெண் கூவினார்: "அடியாத்தீ! பஞ்சவர்ணத்தக் காணோம், போன் முழுக்க யாரோ தாத்தா மூக்குல்ல தெரியுது!"

சுப்பையா பாய்ந்து வந்தார். "ஐயா, லைவ் ஓடுதுங்கய்யா!"

"எனக்குத் தெரியாமலா?"

"ஒங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்ங்க."

மாலையும் கழுத்துமாகப் பஞ்சவர்ணம் அருகில் வந்தார். "நிறுத்தாதீங்கய்யா, நல்லாத்தான பேசுனீக. இங்கிட்டு எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாக, பேசுங்க."

வாழ்நாளெல்லாம் நான் ஏங்கிய அவை அமைதியாகக் காத்து நின்றது. கைப்பேசியைச் சுப்பையாவின் கையில் திணித்துவிட்டு நகரப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

மாலையில் கயல் அழைத்தாள். முதலில் மூச்சுமுட்டச் சிரித்தாள். அன்று மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"பால்காரருக்கு எந்தச் செய்யுள்ப்பா சொன்னீங்க?"

சொன்னேன். இறுதிவரை கேட்டாள்.

அன்றுமுதல் ஞாயிறுதோறும் காணொளியில் அழைக்கிறாள். "மூக்குத் தாத்தா லைவ்ல வந்துட்டாரு!" என்று பேரப்பிள்ளைகள் ஓடிவருகிறார்கள்; விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் அக்கதை சொல்லப்படுகிறது. கைப்பேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் முழுமுகமும் தெரியும் என்பதை இப்போது நன்கறிவேன். ஆயினும் அருகிலேயே பிடிக்கிறேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்வரை அழைப்பைத் துண்டிப்பதில்லை.