பட்டாணி சூப் நிற வண்டி

யார் வந்து கேட்டாலும் வண்டியை விற்க விடுவதில்லை என்று, காலையில் முட்டை தின்றுகொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே என் மனைவி நோரீன் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி அவள் பேரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. மாமனார் கார் வியாபாரம் செய்தவர். "உங்கப்பா கிட்டே விலைபோகாம நின்னது ரெண்டு. ரெண்டையும் ஒரே நாள்ல என் தலையில கட்டிட்டாரு" என்று நான் சொல்வதுண்டு.

"ரெண்டும் இன்னும் நல்லா ஓடுது. நின்னுபோனது நீ ஒருத்தன்தான்" என்பாள்.

மாமனார் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். அவர் செத்துப்போய்விட்டார். அதற்காகக் கோபத்தை விட முடியுமா?

வண்டி எழுபதாம் வருஷ மாடல். கார் செய்கிற எங்கள் மிச்சிகனில் அந்த வருஷத்து வண்டி என்றால் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். அதற்குப் பிறகு அரசாங்கமும் இன்சூரன்ஸ்காரர்களும் சேர்ந்து இஞ்சின்களுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு பலத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் வண்டி ஒரு பாதிரியார் ஆர்டர் கொடுத்துச் செய்தது. இருப்பதிலேயே பெரிய இஞ்சின் வேண்டும், அது அவர் ஆசை. சபையார் கண்ணில் கர்வமாகத் தெரியக்கூடாது, அது அவர் பயம். அதனால் மற்றதையெல்லாம் மட்டமாகக் கேட்டார். பட்டாணி சூப் நிறம். முன்னால் தனித்தனி சீட்டுக்குப் பதில் ஒரே நீள பெஞ்சு. ரேடியோ வேண்டாம். வண்டி வந்தது. மாமனார் சாவியைத் திருகினார். சத்தம் கேட்டுச் சபையின் மூப்பர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். பாதிரியார் சைக்கிள் வாங்கிக்கொண்டார். வண்டி எனக்கு வந்தது.

நான் அதை அதிகம் ஓட்டுவதில்லை. கராஜில் அதற்குள் உட்கார்ந்து, பாட்டரி ரேடியோவில் பேஸ்பால் கேட்பேன். எனக்குத் துரோகம் செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். வேறு எங்கே போய் நினைப்பது?

"அது உள்ளே கம்பளி போத்திட்டுத் தூங்குது. நான் குளிர்காலம் பூரா வெளியே நின்னு என் வண்டிக் கண்ணாடியில ஐஸ் சுரண்டறேன். எனக்கு கராஜ் வேணும், ஹார்லன்" என்றாள் நோரீன்.

"சுரண்டறது கைக்கு நல்ல பயிற்சி."

"உன் கழுத்துப் பக்கம் வந்து பயிற்சி எடுக்கட்டுமா? பத்து மணிக்கு சிகாகோவிலேருந்து விட்டேக்கர்னு ஒருத்தர் வர்றாரு. பழைய வண்டி சேக்கறவரு. நீயே காட்டு. நான் வாயே திறக்கலை."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. வண்டியை நானே காட்டுவதா? அவன் காத தூரம் ஓடும்படி காட்டுகிறேன்.

விட்டேக்கர் வந்தான். ஐம்பது வயதுப் பையன். சுத்தமான ஷூ. வண்டியைத் தூரத்திலிருந்தே பார்த்து உதட்டைப் பிதுக்கினான். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

"பாத்தியா தம்பி நிறத்தை? இதை வேணும்னு கேட்டு வாங்கின மனுஷன் வேற யாராவது இருப்பானா?"

"இருக்க மாட்டாங்க" என்றான் யோசனையாக. "மறுபடி பெயின்ட் அடிச்சீங்களா?"

"இந்தக் கண்றாவிக்குச் செலவு வேற பண்ணணுமா? ஃபாக்டரியில பூசினது அப்படியே இருக்கு."

அவன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"சீட்டைப் பாரு. இந்த இஞ்சினுக்கு எவனாவது பெஞ்சு போடுவானா? பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கு."

"இந்த இஞ்சினோட பெஞ்சா?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"ரேடியோகூட இல்லை. அது இருக்கவேண்டிய இடத்துல ஒரு தகடு வச்சு அடைச்சிருக்கான்."

"தகடு ஒரிஜினலா?"

"பின்னே, நான் தங்கத்துல செஞ்சா வைப்பேன்?"

அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தான். தப்பித்துப் போக வழி தேடுகிறான் என்று நினைத்தேன். கடைசி அம்பை எடுத்தேன். எழுபதாம் வருஷம் என்றால்தானே மதிப்பு? கதவைத் திறந்து, விளிம்பில் ஒட்டியிருந்த லேபிளைக் காட்டினேன். வண்டி செய்த மாதம் அதில் இருக்கும்.

"உனக்கு எழுபதுன்னு சொன்னாங்களா? நல்லாப் படி. அறுபத்தொம்பது, ஆகஸ்ட்."

அடுத்த வருஷ மாடலைக் கோடை முடிவதற்குள்ளேயே செய்ய ஆரம்பித்துவிடுவார்கள் என்பது மிச்சிகனில் நாய்க்கும் தெரியும். சிகாகோவுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

விட்டேக்கர் அந்த நல்ல பேன்ட்டோடு முழங்கால் போட்டு உட்கார்ந்தான். லேபிளைத் தடவிப் பார்த்தான். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சார், இது எழுபது மாடலேதான். அதுலயும் முதல் முதல்ல செஞ்ச வண்டிகள்ல ஒண்ணு. இந்த நிறம், இந்த பெஞ்சு, ரேடியோ கிடையாது, இந்த இஞ்சின். எல்லாம் சேந்து ரெண்டாவது வண்டி உலகத்துல இருக்கும்னு தோணலை. அப்போ யாருமே கேக்காததாலதான் இதை இப்போ எல்லாரும் கேக்கறாங்க."

நேரே அடுப்படிக்குப் போய் நோரீனிடம் ஒரு விலை சொன்னான். அந்த விலைக்கு எங்கள் தெருவில் வீடே வாங்கலாம், கராஜோடு. வண்டி அன்றைக்கே லாரியில் ஏறிப் போய்விட்டது.

நான் வெறும் கராஜில் நின்றேன். நோரீன் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்பவே நீ பேசியிருந்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். என்னை எதுக்கு இழுத்தே?" என்றேன்.

"நான் சொன்னா யாரு நம்புவா? விக்கறவங்க எல்லாரும் அவங்க வண்டி அபூர்வம்னுதான் சொல்றாங்க. பாதி பொய், அந்த ஆளுக்கும் அது தெரியும். ஒரு பொருளை மனசாரத் திட்டற ஆளு பொய் சொல்ல மாட்டான். திட்டறதுல உன்னை அடிச்சுக்க இந்த ஜில்லாவுல ஆளு உண்டா, ஹார்லன்?"

காப்பி நன்றாக இருந்தது. அது என் கோபத்துக்கு இடைஞ்சலாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை உன் மீன்பிடிப் படகைப் பாக்க ஒருத்தர் வர்றாரு. அதுவும் என் பேர்லதான் இருக்கு. வழக்கம்போல நாலு வார்த்தை திட்டிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் என்ன அவ்வளவு முட்டாளா? வெள்ளிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவே இல்லை. பாவம், பெரியவருக்குப் பிரிய மனசு வரலை போலிருக்கு, ரொம்ப நல்ல படகாத்தான் இருக்கணும் என்று சொல்லி அந்த ஆள் கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கிப் போனான்.