ஓசியில் கிடைத்த சிரிப்பு

என் பம்புசெட்டு அவர்களுக்கு,

உங்கள் மனைவி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் நல்லபடியாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் இல்லை. உங்கள் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. நீங்கள் சுகமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது. முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டடத்தில் லிஃப்டை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்த மனுஷன், ஒரே ஒரு தடவை தனியாக மேலே போய்விட்டு இறங்கத் தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டீர்கள். எட்டு மாசம் ஆகிறது. இந்தத் தாள் உங்கள் லிஃப்டு ரிஜிஸ்தரில் மிச்சமிருந்தது. 'பழுது விவரம்' என்று அச்சடித்த கட்டத்தில்தான் எழுதுகிறேன். சரியான இடம்தான்.

விஷயத்துக்கு வர்றேன். உங்க சிரிப்பு எனக்கு மறந்துபோச்சு. முகத்துக்குக் குறை இல்ல, கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கு, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிசு பண்ணினதால டிக்கெட் இல்லாம மாட்டிக்கிட்டவர் மாதிரி முழிக்கிறீங்க. சத்தம்தான் எங்கயும் இல்ல. முதல்ல தொண்டையில கக் கக்குன்னு ரெண்டு இழுவை, அப்புறம் தடதடன்னு கிளம்பும், நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் ஓடும், அதுக்குத்தானே பம்புசெட்டுன்னு பேரே வெச்சேன். இப்படி வாயால சொல்ல வருது, காதுக்குள்ள வரமாட்டேங்குது. உங்க போன்ல மக தேடிப் பார்த்தா. அம்பத்தெட்டு வீடியோ, அத்தனையும் லிஃப்டுக் கதவு எங்க சிக்குதுன்னு மெக்கானிக்குக்குக் காட்ட எடுத்தது. அது போக பேத்தி பொறந்தநாள்ல உங்களை எடுத்தது ஒண்ணே ஒண்ணு, அதுல வாய் நிறைய கேக்கு. அதோட, ஊர்ல யார் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவர் நீங்க, மருமகனோட ஒரே ஜோக்குக்கு ஒன்பது வருஷம் சிரிச்சீங்க, நான் ஒண்ணு சொன்னா மட்டும் "சரி சரி, தண்ணி கொண்டா"ன்னுடுவீங்க. அது தனி வழக்கு, கடைசியில வர்றேன்.

வாரநாள் எப்படியோ போயிடுது. ஆஸ்பத்திரி லாண்டரியில போர்வை மடிச்சுக்கிட்டே இருந்தா ஆறு மணி ஆயிடும். சனி ஞாயிறுதான் நகரமாட்டேங்குது. நான் நாற்காலியில உக்காந்து உங்க நாற்காலியையே பார்த்துக்கிட்டிருக்கறதைப் பார்த்துட்டு மக ஒரு தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுல ஒட்டினா. 'வார இறுதியில் நகரத்தில் செலவில்லாமல் பொழுதுபோக்க இருபத்தைந்து வழிகள்.' துக்கத்துக்கு மருந்து ஓசியில கிடைக்குதாம். ஒவ்வொண்ணா போய்ட்டு வந்து டிக் அடிக்கணும்னு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டா. உங்க மகதானே.

மொதல் வழி மியூசியம், ஞாயித்துக்கிழமை இலவசம். ரெண்டு ரூம் நடந்ததும் முழங்கால் கத்திடுச்சு, மூலையில ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு, உக்காந்தேன், குளுகுளுன்னு இருக்கவும் கண்ணு சொக்கிடுச்சு. முழிச்சுப் பார்த்தா ஒரு குடும்பமே என் முன்னால நின்னு என்னைப் பார்க்குது, என் தலைக்கு மேல சுவத்துல ஒட்டின சீட்டைப் பார்க்குது. எழுந்து நானும் படிச்சேன். 'அமர்ந்த நிலையில் பெண். காலம் தெரியவில்லை.' சிலையைக் கழுவக் கொண்டுபோயிருக்காங்களாம், காவல்காரர் தன் நாற்காலியை அங்க போட்டிருக்கார். அவர் வந்து என்னைத் திட்டல, இத்தனை வருஷத்துல இந்த ரூமுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லேன்னார்.

நாலாவது வழி பூங்காவுல சிரிப்புப் பயிற்சி, சனிக்கிழமை காலையில. நடத்தறவர் ரிடையரான பல் டாக்டர், அடுத்தவங்க வாயைத் திறக்கவெச்சே பழகின கை. எல்லாரும் வட்டமா நின்னு காரணமே இல்லாம ஹா ஹா ஹோ ஹோங்கறாங்க. எனக்கு எங்க சிரிப்பு வரும், சரி, உங்க சிரிப்பையாவது சிரிச்சுப் பார்ப்போம், வாய்க்கு வந்தா காதுக்கும் வந்துடும்னு நெனச்சுக் கண்ணை மூடி கக் கக்குன்னு ரெண்டு இழுத்தேன். மூணாவது இழுக்கறதுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு நெனச்சு என்னைப் புல்லுல படுக்கப்போட்டு, ஒருத்தி கால் பாதத்தைத் தேய்க்க, டாக்டர் பழக்கதோஷத்துல வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பின்னால ஒண்ணு ஆடுதாம்.

ஒன்பதாவது, சோபாக் கடையில போய்ச் சும்மா உக்காந்துட்டு வர்றது. இதையெல்லாம் ஒரு வழின்னு யார் எழுதினாங்களோ. காலை நீட்டற நாற்காலியில நீட்டிட்டு மடக்கத் தெரியாம கெடந்தேன். கடைக்காரப் பொண்ணு வந்து வீட்ல எத்தனை பேரும்மான்னு கேட்டுச்சு. ரெண்டுன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு திருத்தவும் மனசு வரல.

பதினேழாவதுதான் டிவிக்காரங்க ஹால், காமெடி நிகழ்ச்சிக்குக் கைதட்டக் கூட்டம் சேர்க்கறாங்களே, அது. நாம மூணு தடவை போன இடம், அதனாலயே அதைத் தாண்டிப் பதினெட்டு, பத்தொன்பதெல்லாம் போய்ட்டு வந்தேன். போன சனிக்கிழமை வேற போக்கிடம் இல்ல, போனேன். ஏசி அதேதான், டீ அதேதான், பன்னு மட்டும் சின்னதாயிடுச்சு. அழகானவங்களை முன்வரிசையில வெச்சுட்டு என்னைத் தூணுக்குப் பின்னால உக்கார வெச்சாங்க. ஜோக்கு சொல்ற அந்த மீசைக்காரன் வந்தான், அதே மாமியார் ஜோக்கு, ஒரு ஈ காக்கா சிரிக்கல. திடீர்னு ஸ்பீக்கர்லேர்ந்து கக். கக். தடதடதட.

நான் எழுந்து நின்னுட்டேங்க. "ஏங்க"ன்னு ஹால் முழுக்கக் கேக்கறாப்பல கத்திட்டேன். பின்னால திரும்பி வரிசை வரிசையா பார்க்கறேன், எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க, படப்பிடிப்பையே நிறுத்திட்டாங்க. காதுல மாட்டற மெஷினைக் கழுத்துல போட்டுக்கிட்டு சவுண்டுக்காரர் ஓடிவந்தார்.

"யாரைம்மா தேடறீங்க?"

"என் வீட்டுக்காரர் இப்பத்தான் சிரிச்சார் தம்பி."

அவர் கண்ணாடி ரூமுக்குக் கூட்டிப்போய் உக்காரவெச்சார். கூட்டம் சிரிக்காத அன்னிக்கு முன்னால வந்த கூட்டத்துல பதிஞ்சு வெச்ச பழைய சிரிப்பை எடுத்து ஸ்பீக்கர்ல விடுவாங்களாம், ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களும் சிரிச்சுடுவாங்களாம். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு பேரு. உங்க பேரு 'டிராக்டர்'. எனக்கு வந்துச்சே கோவம். டிராக்டர்னா நாலு இடம் சுத்தும் தம்பி, இவர் நின்ன இடத்துல நின்னு தடதடத்தவர், பம்புசெட்டுன்னு போடுன்னேன். எதுத்தாப்பலயே அழிச்சு மாத்தி எழுதினார்.

"ரெண்டு வருஷமா இவரை வெச்சுத்தாம்மா ஓட்டறேன். இறந்துட்டார்னு தெரியாது. வேணாம்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும். வீட்லதான் இல்ல, இங்கயாவது இருக்கட்டும்"னேன்.

வெட்டாத முழுப் பதிவையும் என் போன்ல போட்டுக் கொடுத்தார். அன்னிக்கு எதுக்கு இப்படிச் சிரிச்சார்னு கேட்டேன். மீசைக்காரர் ஜோக்குக்காத்தான் இருக்கும்னார். இங்கதான் அந்தத் தனி வழக்கு வருது. அவனுக்கு அந்தச் சிரிப்பு, எனக்குத் தண்ணி கொண்டாவா? ரெண்டு நாள் உங்க படத்துக்கு விளக்குப் போடல. போதாக்குறைக்கு மக அந்தச் சிரிப்பை என் போன் மணியா வெச்சுட்டா. நேத்து நாலு போர்வை குறையுதுன்னு சூப்பர்வைசர் என்னை நிக்கவெச்சுத் திட்டிக்கிட்டிருக்கறப்போ என் இடுப்புப் பையிலேர்ந்து சிரிச்சீங்க. அவர் இன்னும் என்கூடப் பேசல.

ஆகவே, இந்தக் கடிதத்தோட உங்க பேச்சு எனக்கு வேண்டாம். இனிமே கடிதம் கிடையாது. மகளும் மருமகனும் வணக்கம் சொன்னார்கள், பேத்தி முத்தம் தந்தாள், மூன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அங்கே லிஃப்டு இருந்தால் வேறு யாராவது ஓட்டட்டும், நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

இப்படிக்கு,
மீசைக்காரனிடம் தோற்ற உங்கள் மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதினதை அடிச்சுடுங்க. மகளோட இயர்போனை மாட்டி முழுப் பதிவையும் இப்பத்தான் கேட்டேன். மீசைக்காரன் ஜோக்கு முடிஞ்சுபோச்சு, யாரும் சிரிக்கல, நீங்களும்தான் சிரிக்கல. யாரோ இருமறாங்க, நாற்காலி கிறீச்சிடுது. அப்புறம் ஒரு பொம்பளை மெதுவா "ஏங்க"ங்கறா. நான்தாங்க. உங்க காதுகிட்ட என்னமோ சொல்றேன், நாலஞ்சு வார்த்தைதான், குசுகுசுன்னு போயிடுது. அதை முடிக்கக்கூட விடல, கக் கக்குன்னு கிளம்பிட்டீங்க. இருபது தடவை போட்டுக் கேட்டாச்சு, மகளும் காதை வெச்சுப் பார்த்தா, ஒண்ணும் பிடிபடல. எனக்கு ஞாபகமும் இல்ல. ஏங்க, அன்னிக்கு நான் அப்படி என்னதான் சொன்னேன்?