கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ரஷ்யாவில் காமா நதிக்கரையில் இருந்த அந்தச் சிறு நகரத்துக்கு ஒரே ரொட்டிக்கடை. கம்யூனிசம் போய்ச் சந்தை வந்துவிட்டது என்று வானொலி சொன்ன குளிர்காலத்தில், கடை மேலாளர் ஃபைனா சவேலியெவ்னாவுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. சந்தை என்றால் போட்டி. ஆகவே இம்மாத இறுதிக்குள் போட்டியாளர் ஒருவரை ஏற்படுத்த வேண்டியது. தோற்கும் தரப்பு கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியது.

ஃபைனா அதிகாரி வாலெந்தீன் புரோகரவிச்சுக்குப் போன் போட்டாள்.

"போட்டியாளர் தானா வரமாட்டாருங்களா, ஐயா?"

"வருவாரும்மா. சந்தைன்னா சுதந்திரம். ஆனா மாசக் கடைசிக்குள்ள வந்தாகணும், திட்டத்துல இருக்கு."

மேலிடம் சொன்னதைச் செய்தே பழகியவள். கடைக்கு நடுவே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினாள். இடப்பக்கம் தனக்கு, வலப்பக்கம் கூட வேலை பார்த்த தமாராவுக்கு. ரொட்டி இரண்டு பக்கத்துக்கும் ஒரே அடுப்பிலிருந்துதான் வந்தது. உத்தரவில் அடுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

முதல் வாரம் கூட்டமெல்லாம் ஃபைனா பக்கம். தமாரா ஈயோட்டினாள். வரிசை இல்லாத இடத்தில் நல்ல சரக்கு இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆத்திரத்தில் தமாரா விலையை இரட்டிப்பாக்கினாள். மறுநாள் ஊர் மொத்தமும் கயிற்றைத் தாண்டிவிட்டது.

"ரெண்டும் ஒரே ரொட்டிதான்யா," என்றாள் ஃபைனா.

"அப்போ அவ ஏன் கூட விலைக்கு விக்கிறா? காரணம் இல்லாமலா?" என்றார் ஒரு கிழவர்.

ஃபைனாவும் விலையை ஏற்றினாள். தமாரா அதற்கு மேலே போனாள்.

"அக்கா, நீங்க சொல்லித்தானே போட்டி போடறேன்?"

"போட்டி போடுன்னுதான் சொன்னேன். ஜெயிக்கவா சொன்னேன்?"

அதோடு இருவரும் சேர்ந்து டீ குடிப்பது நின்றது. வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, ஃபைனாவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மாதக் கடைசியில் அதிகாரி சோதனைக்கு வந்தார். இடப்பக்கம் அலமாரி நிறைய ரொட்டி, ஆளில்லை. வலப்பக்கம் வரிசை தெருவரை நீண்டிருந்தது. திட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பரம திருப்தி. வந்ததுதான் வந்தோம், வீட்டுக்கு ஒரு ரொட்டி வாங்கலாமென்று வலப்பக்க வரிசையின் வாலுக்குப் போய், எல்லோரையும் போலக் கேட்டார்: "யாருங்க கடைசி?"

"நான்தான்," என்று திரும்பியது ஃபைனா.

"நீங்களா? உங்க கடை அந்தப் பக்கமாச்சே?"

"ஆமாங்க ஐயா." குரலைத் தாழ்த்தினாள். "ஒரே அடுப்புதான். நானே எடுத்து அடுக்குறேன். இருந்தாலும், இத்தனை பேர் சும்மாவா நிப்பாங்க?"

அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். பிறகு கடமை தவறாதவராய், அவள் தரப்பு தோற்றுவிட்டதென்றும் நாளை முதல் அவளுக்கு வேலை இல்லையென்றும் முறைப்படி அறிவித்து, உள்ளே வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஃபைனாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் நகரவில்லை.

"அப்புறமா வந்து போடறேன் ஐயா. இப்போ போனா வரிசையில இடம் போயிடும்."

"அதுவும் நியாயம்தான்," என்று அதிகாரி அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.