நிலம் தொடாத தேங்காய்

பாரிசில், லாச்சப்பல் தெருத் தமிழர் அத்தனை பேருக்கும் பந்து பிடிக்கப் பழக்கியவர் ஒரே ஒரு மனிதர். பழகுகிறோம் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அது உறைத்தது, ஒரு பூசணிக்காய் என் மார்பை நோக்கிப் பறந்து வந்த நாளில். போனில் கதைத்தபடி மரக்கறிக் கடைக்குள் நுழைந்தேன். "தம்பி!" என்றது ஒரு குரல். மறுகணம் பூசணிக்காய் என் கைகளுக்குள் இருந்தது. பின்னால் வந்த அக்கா தள்ளுவண்டியை விடாமலே, பறந்து வந்த முருங்கைக்காய்க் கட்டை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்து, ஆறுதலாக விலை கேட்டார்.

எறிந்தவர் கட்ச் அண்ணை; 'பிடி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய சம்பளத் துண்டில் இருக்கலாம்; தெருவில் இல்லை. ரொறன்ரோவில் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் காற்பந்து ஆடியவர். அதில் அவர் ரிசீவர். ஒருவன் தூர எறிகிற முட்டைப் பந்தை ஓடிப்போய்ப் பிடித்து, நிற்காமல் மேலும் ஓடுவதுதான் வேலை. கலியாணம் அவரைப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. பகலில் செல்லத்துரை அண்ணையின் அந்த மரக்கறிக் கடையில் சாமான் இறக்குவார். மாலையில் புறநகர் பியர்ஃபித்தில் அதே ஆட்டம் ஆடும் ஒரு சிறிய கழகத்துக்கு உதவிப் பயிற்சியாளர்.

எது நிலத்தில் விழுந்தாலும் அவருக்குத் தாங்காது. ஒரு கத்தரிக்காய் உருண்டு விழுந்தால்கூட "ஐயோ!" என்று நெஞ்சைப் பிடிப்பார். பிறகு அதைத் தூக்கித் துடைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் குவியலின் உச்சியில் வைப்பார்.

அன்று அவர் முகம் வாடிக்கிடந்தது. கழகத்தின் ரிசீவர்கள் எல்லோரும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள்.

"புதுப் பெடியளைக் கொண்டு வராட்டி இந்த சீசனுக்கு நீ வேண்டாம் எண்டு பெரிய கோச் சொல்லிப்போட்டார் தம்பி. அதையும் விட்டா நான் ஆர்? உருளைக்கிழங்கு இறக்கிறவன்."

"அண்ணை, ஆளுக்கு எங்கை அலையிறியள்? இஞ்சை தெருவே பிடிக்குது!" என்றேன்.

முதலில் கடை முதலாளியின் மகன் கெவினைக் கேட்டோம். "இல் எ ஃபூ," என்றான். ஆளுக்கு விசர், பைத்தியம் என்பதைத் தமிழில் சொல்ல அவனுக்குக் கூச்சம்; பிரெஞ்சில் சொன்னான். தகப்பனுக்கு அந்தக் கூச்சமும் இல்லை. "உதவிக் கோச்செண்டா என்ன, பந்து பொறுக்கிறவரோ?"

பிள்ளையார் தேர் வந்தது. தெரு நெடுகத் தேங்காய்க் குவியல்கள். கெவினுக்கு ஓட்டுநர் அனுமதி கிடைக்கவேண்டும் என்று செல்லத்துரை அண்ணைக்கு ஒரு நேர்த்தி. வேட்டியை மடித்துக் கட்டி, மஞ்சள் பூசிய தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, "பிள்ளையாரே!" என்று ஓங்கி அடித்தார்.

தேங்காய் நிலத்தைத் தொடவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து கட்ச் அண்ணை பாய்ந்து, தரைக்கு இரண்டு விரல் மேலே அதை ஏந்திவிட்டார். அதோடு நின்றிருந்தால் மன்னித்திருக்கலாம். பிடித்தால் ஓடவேண்டும் என்பது அவருடைய ரத்தத்தில் ஊறியது. ஓடினார்!

"டேய், என்ரை நேர்த்தி! பிடியுங்கோடா அவனை!"

கெவினும் கூட்டாளிகளும் துரத்தினார்கள். காவடிக்காரரைச் சுற்றி, மோர்ப் பந்தலைத் தாண்டி, முன்னாலும் பின்னாலும் வழி அடைபட்டபோது, அண்ணை தேங்காயைக் கெவினுக்கே எறிந்தார். கெவின் பிடித்தான். பிடித்தவன் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதானே? அவனும் ஓடினான். அவனிடமிருந்து ஒரு கூட்டாளிக்கு, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு. கடைசியாகத் தேங்காய் செல்லத்துரை அண்ணையின் கைக்கே வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரும் நாலடி ஓடியபிறகுதான், தான் வந்த அலுவல் அவருக்கு நினைவு வந்தது.

மூச்சு வாங்க, தேங்காயைக் கட்ச் அண்ணையிடம் நீட்டினார். "கெடுத்தது நீர். நீரே உடையும்."

கட்ச் அண்ணை தூக்கினார். மெல்ல இறக்கினார்.

"ஏலாது அண்ணை. கைக்கு வந்ததை நிலத்திலை போட எனக்குத் தெரியாது."

செல்லத்துரை அண்ணை தேங்காயைத் திரும்ப வாங்கினார். "அப்ப அங்காலை திரும்பி நில்லும்," என்று சொல்லிவிட்டுத் தானே உடைத்தார். சத்தம் கேட்டதும் கட்ச் அண்ணையின் தோள் ஒருமுறை குலுங்கியது.

அடுத்த பயிற்சிக்குக் கெவின் வந்தான், கூட்டாளிகளோடு. நானும் போனேன். பெரிய கோச் எங்களை மேலும் கீழும் பார்த்தார். முதல் ஆட்டத்தில் இவர்கள் பிடித்தால் உதவிக் கோச் இருக்கலாம் என்றார்.

வருகிற ஞாயிறு அந்த ஆட்டம். எங்களில் அதிகம் தவறவிடுகிறவன் நான்தான். என் கையிலிருந்து பந்து நழுவும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே ஒருவர் நெஞ்சைப் பிடிப்பது தெரிகிறது.

"முதல் பந்து உமக்குத்தான் தம்பி," என்றார் நேற்று. "பூசணிக்காயெண்டு நினையும்."

அப்படி நினைக்கப்போவதில்லை. உருண்டு விழும் அந்தக் கத்தரிக்காயைத்தான் நினைக்கப்போகிறேன். அந்த மனிதரை இன்னொருமுறை "ஐயோ" சொல்ல வைக்க எனக்கு மனமில்லை.