‘அதாவது’ லாயரின் கல்யாணப் பேச்சு

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சை நேராக ஆரம்பித்து நேராக முடிக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ‘அதாவது’ லாயர்தான். ஒப்பந்தம் எழுதும்போது முதல் பக்கத்திலேயே எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வரையறுத்துவிடுவார்கள் இல்லையா? மனிதர் வாழ்க்கையையே அப்படி நடத்தினார். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த அன்று, “நாளைக்குக் காலையில வந்துடு” என்றார். தலையாட்டினேன். “அதாவது, காலைன்னா ஒன்பதுக்கு முன்னாடி. வர்றதுன்னா நாற்காலியில ஒக்காந்திருக்கிறது. பார்க்கிங் தேடுறது அதுல சேராது.”

ஒருமுறை லிஃப்டில் ‘எட்டு ஆள் மட்டும்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். “சட்டத்துல கம்பெனியும் ஒரு ஆள்தான். இவங்க எந்த ஆளைச் சொல்றாங்க?”

உள்ளே இருந்த ஆன்டி, “அங்கிள், ஏறுங்க லா, ஐஸ்கிரீம் உருகுது!” என்று கத்தினார்.

வாழையிலைக் கடையில் நிலைமை இன்னும் மோசம். “கொஞ்சம் சோறு. அதாவது ரெண்டு கரண்டி. ரசத்துக்கு வாங்குறது தனி.” பரிமாறுகிறவர் வாளியை அவர் பக்கத்திலேயே வைத்து, “பாஸ், நீங்களே போட்டுக்குங்க” என்று போய்விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு, எதிர்க் கிளினிக்கில் வேலை பார்த்த ராணி அக்கா மேல் ஆசை வந்தது. அதுவும் ஐம்பது வயதில். அக்காவுக்கும் இவரைப் பிடிக்கும். ஆனால் கல்யாணப் பேச்சையே அக்கா எடுக்க விடுவதில்லை. தனியாக வாழ முடியாத தம்பி ஒருவன் அக்காவுக்கு. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், தம்பியை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்றுதான் சொன்னார்கள். இன்னொருவர் வாயால் அதைக் கேட்க அக்காவுக்குத் தெம்பில்லை.

ஒரு மதியம் லாயர் என்னையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். சாட்சி வேண்டுமாம்!

“மிஸ் ராணி, நாம குடும்பமாயிடலாமா?”

அக்காவின் முகம் வாடிவிட்டது. “சார், எனக்குத் தம்பி இருக்கான்.”

“நான் இன்னும் முடிக்கல. அதாவது, குடும்பம்னா நீங்க, நான், தம்பி. இதுல ஒருத்தர் இல்லன்னாலும் அது குடும்பம் இல்ல. வீடுன்னா, கிள்ளான்ல நான் பார்த்து வச்சிருக்கிற வீடு. தம்பி ரூம் ஜன்னல்ல ரயில் தெரியும். அவனுக்கு ரயில் புடிக்கும்தானே?”

அக்கா மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதார். இருமலுக்கு மருந்து வாங்க வந்த கூட்டமும் இருமலை மறந்து அழுதது. லாயர் பதறிப்போய், “டேய், இது சம்மதமா, இல்லையா?” என்று என்னைக் கேட்டார்.

“சம்மதம்தான் லா பாஸ், பேசாம நில்லுங்க!” என்றேன்.

இப்போது மூவரும் கிள்ளானில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் சாப்பிடும்போது, “அன்னைக்கு உங்க குடும்பத்துல என்னைச் சேர்க்காம விட்டுட்டீங்களே பாஸ்” என்று வம்புக்கு இழுத்தேன். பெரிதாக ஏதோ விளக்கம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ராணி, இவனுக்குப் பெரிய துண்டு மீனா வை” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீனில் முள்ளே இல்லை.