சம்பந்தி வீட்டுக் கேபிள்

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் சீனுவாசன் அவர்களுக்கு ஜெகதீசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை செண்பகமும் அஸ்வினியும் சௌக்கியம். ஓசூரில் அக்காவின் முழங்கால் வலி தேவலையா? இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். இதை முழுதாகக் கேட்க வேண்டும். அஸ்வினியின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் கேபிள்.

திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கம்பெனி டேட்டா சென்டர் கட்டுகிறது. ஊர் உலகத்தின் போட்டோ, பேங்க் கணக்கு எல்லாம் வந்து தங்குகிற கட்டடம். மனிதர்கள் குறைவு, கம்ப்யூட்டர்கள்தான் அலமாரி அலமாரியாக இருக்கும், ஏசியும் அவற்றுக்குத்தான். அங்கே லோ வோல்டேஜ் கேபிள் வேலை எனக்குக் கிடைத்தது. அதாவது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தகவல் போகிற ஒயர், கேமரா ஒயர், கதவுப் பூட்டு ஒயர். பெருமையாக நாலு பேரிடம் சொன்னேன். நம் பக்கத்தில் லோ வோல்டேஜ் என்றால் வேறு அர்த்தம் அல்லவா? "எங்க கண்டாச்சிபுரத்துலயும் அதே பேஜாருதாங்க, மோட்டாரு இழுக்க மாட்டேங்குது, மல்லாட்டைப் பயிரு காயுது" என்று ஒருவர் என் ஒயரிங் கடைக்கே வந்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருவர், தெரிந்த லைன்மேன் இருக்கிறார், சொல்லட்டுமா என்றார்.

இது சம்பந்தி பாண்டுரங்கன் காதுக்கும் போயிற்று. கண்டமங்கலத்தில் அவருக்கு எலக்ட்ரிகல் சாமான் மொத்த வியாபாரம் என்பது உங்களுக்குத் தெரியும், வரனைக் கொண்டுவந்ததே நீங்கள்தான். "வெளிய எதுக்குங்க வாங்கிக்கினு? நம்ம கடையிலயே கீது" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் மினி லாரியில் சரக்கு வந்து இறங்கிவிட்டது, பெட்டிக்குப் பெட்டி மஞ்சள் குங்குமத்தோடு. செண்பகம் சீர் வந்ததாக நினைத்து ஆரத்தி எடுத்தாள்.

அங்கே இன்ஜினியர் பானுப்ரியா என்று ஒரு பெண், நம் அஸ்வினி வயதுதான் இருக்கும். மாட்டுவதற்கு முன் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டது. கொடுத்தேன். தோலை உரித்து, உள்ளே இருந்த கம்பியைக் கத்தியால் சுரண்டிக் காட்டியது. மேலே செம்பு, உள்ளே வெள்ளை. "இது அலுமினியங்க சார். மேல செம்பு பூசிகிறாங்க. கேமராவுக்குக் கரண்டும் இந்தக் கம்பியிலதான் போவும். கட்டுக்கட்டா போட்டா சூடாயிடும்" என்றது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். செண்பகம் வாங்கிப் பார்த்துவிட்டு, "கவரிங்கு" என்றாள்.

சம்பந்தி சரக்காயிற்றே என்று மறுநாள் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். "யாரும் பாக்காத எடமாப் பாத்து ஒரு ஓரத்துல போட்டுக்கலாமாம்மா?" என்றேன். "யாரும் பாக்காத எடத்துலதாங்க சார் தீப்புடிக்கும்" என்றது. பிறகு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னது. எவ்வளவு தூரம் போகவேண்டும், எவ்வளவு வேகம் தாங்கவேண்டும், பின்னால் வருகிற மிஷினுக்கும் ஈடுகொடுக்குமா, எரிந்தால் மேல்தோல் எவ்வளவு புகை விடும், இத்தனையும் பார்த்துத்தான் கேபிள் எடுக்கவேண்டுமாம். நான் அஸ்வினிக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

கண்டமங்கலம் போனேன். சம்பந்தி கடையில் ஆட்கள் இருந்தார்கள், வெளியே அழைத்து மெதுவாகத்தான் சொன்னேன். "பெட்டியில செம்புன்னு போட்டுகிது. வேற இன்னா வேணும் உங்களுக்கு?" என்றார். "நீங்களே ஒருவாட்டி சுரண்டிப் பாருங்க சம்பந்தி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "சுரண்டிப் பாத்து சம்பந்தம் பண்றவன் நான் இல்லீங்க. நிச்சயதார்த்தம் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, பேசாமல் அதையே மாட்டிவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன் மச்சான். அஸ்வினிதான் விடவில்லை. "எனக்காகன்னு சொல்லிக்கினு அத மாட்டாதப்பா. நாளைக்கு அங்க எதனா ஆச்சுன்னா அதுவும் எனக்காகத்தான்னு ஆயிடும்" என்றாள். மாப்பிள்ளை திருமுருகன் தினமும் அவளுக்குப் போன் பண்ணுவார். அன்றிலிருந்து போன் வரவில்லை. அவள் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

நான் சரக்கைத் திருப்பி அனுப்பினேன். சம்பந்தி இறக்க விடவில்லை, அதே லாரியில் அதே குங்குமத்தோடு திரும்பி வந்தது. பிறகு சென்னையிலிருந்து சுத்தச் செம்பு வரவழைத்தேன். பானுப்ரியா டெஸ்ட் வைத்தது, மிஷினில் பாஸ் என்று வந்தது. எனக்குத்தான் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் நேரில் வந்து பாண்டுரங்கனிடம் பேசவேண்டும். கவரிங் என்ற சொல்லை மட்டும் எடுக்கவேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், எல்லோரும் குறைவில்லாமல் இருக்க மயிலம் முருகன் அருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஜெகதீசன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து இது கடையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் மேலே எழுதியது எதுவும் மிச்சமில்லை. கம்பெனிக்காரர்கள் பிளானையே மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர்களுக்கு எல்லாம் ஃபைபராம், கண்ணாடி இழை. செம்பு கேமராவுக்கும் கதவுக்கும் மட்டும். என் சுத்தச் செம்பில் முக்கால்வாசியையும் கடையில் சம்பந்தி சரக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கியாயிற்று. எப்படியோ கேள்விப்பட்டு பாண்டுரங்கன் வந்தார். இரண்டு அடுக்கையும் பார்த்தார். "உங்களுதும் நின்னுபோச்சா?" என்றார். "நின்னுபோச்சுங்க" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி குடித்த பிறகு, "எம்பையன் திருமுருகன் சுரண்டிக் காட்னான்ங்க. எனக்கு அனுப்புனவன் ஏமாத்திட்டான்" என்றார். நிச்சயதார்த்தம் சொன்ன தேதியில்தான், நீங்கள் பேச வரவேண்டாம், சாப்பிட வந்தால் போதும். ஃபைபர் வேலையும் எங்கள் இருவருக்கும் சேர்த்தே கிடைத்திருக்கிறது. இழையை ஒட்டப் பழகுவதற்காக இருவரும் ஒரே பஸ்ஸில் திண்டிவனம் போய்வருகிறோம். தலைமுடி கனம்தான் இருக்கிறது, தொட்டால் ஒடிகிறது. யார் ஒடித்தது என்று பானுப்ரியா கேட்டால் சம்பந்தியும் நானும் வாயைத் திறப்பதில்லை.